ஸுவைனா உட்கார்ந்த பக்கம்

வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. கல்ஃபான் மூன்று நாளாக ராத்திரி அட்டையை விரித்துப் போட்டு, காலையில் இழுத்துப் பார்த்தாயிற்று. அட்டை அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது. ஆனால் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. இருபத்தாறு வயசு வண்டி, தாகம் எடுக்கத்தான் செய்யும் என்று இத்தனை மாதம் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே காலம் தள்ளிவிட்டார். நான்கு நாள் முன்பு கணவாய் ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டபோதுதான் அவர் பயந்துபோனார். மகள் ஷம்ஸாவுக்கு இது ஒன்பதாம் மாதம். மருமகனுக்குத் தெற்கே பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்று வேலை, வர இன்னும் மூன்று வாரம். வலி எடுத்தால் இந்த வண்டியில்தான் கணவாயை ஏறி இறங்கி நிஸ்வா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

பட்டறை முராதிடம் கொண்டுபோய் நிறுத்தினார். முராத் பலூச்சி, பேச்சு குறைச்சல், முணுமுணுப்பு அதிகம். பேரீச்சம்பழத் தட்டை அவர் பக்கம் தள்ளி, காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு வண்டிக்குள் தலையை விட்டான். ரப்பர் குழாய்களைப் பிசைந்து பார்த்தான், தண்ணீர் பம்பின் அடியில் விரலை விட்டுத் தடவினான். எல்லாம் காய்ந்திருந்தது. கடைசியில் முள் வைத்த கைப்பம்பை ரேடியேட்டர் வாயில் மாட்டிக் காற்றை ஏற்றினான். முள் மேலே போய் நின்றது. பிறகு யாரோ பிடித்து இழுப்பதுபோல மெல்ல மெல்ல இறங்கியது. தரையில் மட்டும் ஒன்றும் சொட்டவில்லை.

"ரேடியேட்டர்த் தண்ணி வெளியில போகலைன்னா, ஹீட்டர்க் குழாய் வழியா வண்டிக்குள்ளதான் போகுது," என்றான். முன்கதவைத் திறந்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். மகள் பேரைச் சேர்த்து, ஷம்ஸாவின் தகப்பன் என்றுதான் அவரைக் கூப்பிடுவான். "என்ன அபூ ஷம்ஸா, வண்டியா இது, அத்தர்க் கடையா?"

"சாம்பிராணி போட்டேன். ஷம்ஸாவுக்கு வண்டியில ஏறினா தலை வலிக்குதாம். ஏதோ இனிப்பா நாறுதுங்கிறா."

முராத் முன்கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் இழுத்தான். பிசுக்கென்று கோடு விழுந்தது. சாம்பிராணிப் புகை படிந்தது என்றுதான் கல்ஃபானும் வாரா வாரம் துடைத்துக்கொண்டிருந்தார். முராத் குனிந்து, ஓட்டுநருக்கு வலப்பக்கத்து இருக்கையின் காலடியில் கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்தான்.

"அதைத் தொடாதே," என்றார் கல்ஃபான்.

சொன்ன குரல் அவருக்கே புதிதாக இருந்தது. முராத் கையை எடுத்துவிட்டான்.

போன குளிர்காலத்தில் அவரும் மனைவி ஸுவைனாவும் இதே வண்டியில் மக்காவுக்குப் போய் வந்தார்கள். திரும்பும் வழியில் ஜம்ஜம் புனித நீர்க் கேனின் மூடி தளர்ந்து அவள் காலடியில் பாதித் தண்ணீர் கொட்டிவிட்டது. அவர் துணியை எடுத்தபோது, "துடைக்காதீங்க, நல்ல தண்ணி, அது தானா காயட்டும்," என்று சிரித்தாள். வேனிலில் ஒருநாள் மாவு பிசைந்த கையோடு சாய்ந்தவள், அப்படியே போய்விட்டாள். அடக்கம் செய்து நாற்பது நாள் கழித்து, விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தவரின் கையில் கம்பளம் ஈரமாகப் பட்டது. அன்றைக்கு வண்டிக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அதிலிருந்து தினமும் விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்ததும் அந்த ஈரத்தைத் தொட்டு முகத்தில் தடவிக்கொள்கிறார். யாரிடமும் சொன்னதில்லை. பேரப்பிள்ளை பிறந்ததும் முதலில் அதன் உதட்டில் இதைத்தான் தொட்டு வைப்பது என்றுகூட முடிவு செய்திருந்தார். மாதக்கணக்கில் காயாத தண்ணீர் எங்காவது உண்டா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

இப்போது எப்படிச் சொன்னாரோ, காப்பிக் கிண்ணத்தைப் பார்த்தபடி சொல்லி முடித்துவிட்டார்.

"ஒண்ணு பண்ணு," என்றார் கல்ஃபான். "கீழே சமவெளியில எல்லாரும் பண்றாங்களே, ஹீட்டருக்குப் போற ரெண்டு குழாயையும் வெளியிலயே சேர்த்துக் கட்டிடு. உள்ள கை வைக்க வேண்டாம்."

"அவங்களுக்கு ஹீட்டர் எதுக்கு, வெயில்ல வேகறவங்க. உங்க மலையில இப்ப குளிர்காலம். பச்சைப்பிள்ளையோட அந்தக் கணவாயில வரணும். கண்ணாடில பனி மூடினா பாதை தெரியாது." முராத் நிறுத்தினான். அடுத்ததைச் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. "அதோட, கட்டிட்டா ஒழுகாது அபூ ஷம்ஸா. ஒழுகலைன்னா... பத்து நாள்ல காய்ஞ்சுடும்."

முராத் ஒரு வெள்ளைத் துணியைக் கம்பளத்தில் வைத்து அழுத்தி எடுத்து, அவர் முன்னால் விரித்தான். பார்க்கப் பார்க்க அதில் இளம்பச்சை தெரிந்தது. ரேடியேட்டரில் முதலில் ஊற்றியிருந்த பச்சைக் கூலண்ட் திரவத்தில் இவ்வளவு தண்ணீர் கலந்த பிறகும் மிச்சமிருந்த பச்சை.

"இது விஷம். நாக்குல இனிக்கும், அதான் கெட்டது. பிள்ளை வாயில மட்டும்..." மேலே சொல்லாமல் துணியைச் சுருட்டிக்கொண்டான்.

கல்ஃபான் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தன் முகத்தை நினைத்தார், இன்னும் பிறக்காத ஒரு சின்ன உதட்டை நினைத்தார். தன்மேல் ஆத்திரமாக வந்தது. யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த ஒன்றே ஒன்றையும் இப்படிக் கண்ணெதிரே விரித்துக் காட்டிவிட்டானே என்று முராத் மேலும் ஆத்திரம் வந்தது. பிறகு எழுந்து போய், அந்தப் பக்கத்துக் கதவருகே முட்டி போட்டு, தானே கம்பளத்தைப் பிடித்து இழுத்தார். அடியிலிருந்த பஞ்சு சொதசொதவென்று பிய்ந்து வந்தது. முராத் டேஷ்போர்டைக் கழற்றினான். உள்ளே ஹீட்டர்ப் பெட்டியின் மூலையில் பித்தளை அரித்து, குண்டூசி முனை அளவுக்கு ஒரு பொத்தல். அதை ஈயம் பற்றவைத்து அடைத்தான்.

"கம்பளத்தை அலசணும். நான் அலசிடறேன்," என்றான் முராத்.

"வேண்டாம். நான் அலசிக்கறேன்."

பட்டறைக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து, நுரையும் பச்சையும் நிற்கும் வரை அலசினார். அவள் கொட்டியது, அவள் மிதித்தது, அவள் செருப்பில் ஒட்டி வந்த மண் எல்லாம் சாக்கடையில் போவது தெரிந்தேதான் அலசினார். ஈரக் கம்பளத்தைச் சுவரில் போட்டபோதுதான் பார்த்தார்: அவள் இருபது வருஷமாகக் குதிகாலை ஊன்றிய இடத்தில் இரண்டு குழிகள் தேய்ந்திருந்தன. அவற்றை எந்தத் தண்ணீராலும் அலசிப் போக்க முடியவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வரும்போது ஷம்ஸா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாப்பா, கிளம்பணும்."

கணவாய் ஏற்றம் பாதி வந்ததும் குளிர் இறங்கியது. ஹீட்டரைத் திருகினார். வெறும் சூடான காற்று வந்தது. கண்ணாடி தெளிவாக இருந்தது. முள் நடுவில் நின்றது.

"அந்த நாத்தம் போயிடுச்சு வாப்பா," என்றாள் ஷம்ஸா.

"ம்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். தேடாமலே இரண்டு குதிகாலும் அந்தக் குழிகளில் போய் உட்கார்ந்தன. கல்ஃபான் பாதையைப் பார்த்து ஓட்டினார். உச்சியில் சமதளம் வந்ததும், பழக்கதோஷம், வலது கை தானாக அவள் பக்கம் நீண்டு, கீழே போய்க் கம்பளத்தைத் தொட்டது. சுத்தமாகக் காய்ந்திருந்தது. கையை எடுப்பதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. தன் கையைத்தான் வாப்பா தேடுகிறார் என்று நினைத்தாளோ என்னவோ, ஷம்ஸா அந்த விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள். வலி விட்ட பிறகும் அவள் பிடியை விடவில்லை. கீழே நிஸ்வாவின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன.