ஒத்திகையில் யாரும் அழவில்லை

அறையில் இருந்தவர்கள்: பேராசிரியர், மாணவர்கள் ஒன்பது பேர், கதவருகே வார்டு ஆயா, ஒரு அம்மா, அவளுடைய ஆறு வயது மகள். ஒன்பதில் ஒருவன் நான்.

பேராசிரியர் குழந்தையின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். சந்தையில் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதேதான்.

"அகலமான வாய். இடைவெளி விட்ட சின்னப் பல். கண்ணுக்குள்ள நட்சத்திரம் மாதிரி கோடு. சத்தம் தாங்காது. ஏழாவது குரோமோசோம்ல ஒரு துணுக்கு இல்ல, அவ்வளவுதான் விஷயம்."

"அங்கிள், உங்க மூக்கு முடி எட்டிப் பாக்குது" என்றது குழந்தை. எல்லோரும் சிரித்தோம். அதுவும் சிரித்தது.

"முக்கியமான அறிகுறி இதுதான். யார்கிட்டயும் பயம் கிடையாது. எவன் கூப்பிட்டாலும் போயிடும்."

"இப்பல்லாம் போறதில்ல சார்." அம்மா எழுந்துவிட்டாள். "மூணு மாசமா பழக்கியிருக்கேன். பால்காரர், பஸ் கண்டக்டர், எல்லாரையும் கூப்பிடச் சொல்லிப் பாத்துட்டேன். அசையமாட்டா."

அவள் கையில் பள்ளிக்கூடத்துப் படிவம் வியர்வையில் ஊறியிருந்தது. வெளியாள் கூப்பிட்டால் போகமாட்டாள் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். நான்காவது பள்ளி அது. ஐந்தாவது கிடையாது.

பேராசிரியர் என்னைக் காட்டினார். நான் கையை நீட்டினேன்.

"வாடா கண்ணு, வெளிய நாய்க்குட்டி இருக்கு."

குழந்தையின் வலது கால் ஓரடி முன்னே வந்தது. பிறகு அதைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தெரியாதவங்க கூட வரமாட்டேன். அம்மாகிட்ட கேளுங்க."

அம்மாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"சாக்லேட் தரேன்."

"வரமாட்டேன். போங்க அங்கிள்."

அம்மா படிவத்தை மேசையில் வைத்து நீவினாள். "பாத்தீங்களா சார்?"

பேராசிரியர் பேனா மூடியைத் திறந்தார். ஏதோ நினைத்து மறுபடி மூடினார். என் காதருகே குனிந்து, "அழு" என்றார்.

இரண்டு இரவு தூங்காத கண். சுலபமாக வந்தது.

குழந்தையின் முகம் கோணியது. "அங்கிளுக்கு என்னாச்சு?" ஓடி வந்து கவுன் ஓரத்தால் என் கன்னத்தைத் துடைத்தாள். "அம்மா, இவர் அழறார்மா."

"அழட்டும். நீ இங்க வாடி!"

"அம்மா, பாவம்மா..."

"வாடின்னா வாயேன்டி, சனியனே!"

அந்த அலறலுக்கு அவள் காதுகளைப் பொத்திக்கொண்டாள். சத்தம் அடங்கியதும் என் விரலைப் பிடித்தாள். "வாங்க, வெளிய போலாம். இங்க திட்றாங்க."

பேனா சட்டைப்பைக்குப் போனது. "குறிச்சுக்கங்க" என்றார் பேராசிரியர். ஆயாவிடம், "ரெண்டு பேரும் வெளிய போனதும் பூட்டும்மா. அம்மாவைத் தேடிக் கதவைத் தட்டுதான்னு பாப்போம். அஞ்சு நிமிஷம்."

விரலை உருவிக்கொண்டிருக்கலாம். அடுத்த வாரம் அவரிடம் எனக்கு வாய்மொழித் தேர்வு இருந்தது.

வராந்தாவில் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நுனிக்காலில் எம்பி என் முகத்தை எட்டப் பார்த்தாள்.

"குனிங்க அங்கிள். கண்ணுல ஊதிவிடறேன்."

குனிந்தேன். எங்களுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டு, சாவி இரண்டு சுற்று திரும்பியது.