நாலாவது நடை

ஏலப்பாறைக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் டாட்ஜ் வண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். சேறானாலும் பாறையானாலும் நிற்காமல் ஏறும். ஆனால் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. பதினொரு வருஷமாக அதை ஓட்டிவந்த பெரியமுத்துவுக்கு அது ஒரு குறையாகப் பட்டதில்லை. யானைக்குத் தீனி அதிகம் என்று பாகன் வருத்தப்படுவதில்லை.

1973 கடைசியில் பெட்ரோல் விலை ஏறியது. கொச்சியிலிருந்து கம்பெனியின் கடிதம் வந்தது. உரமும் விறகும் இனி டிராக்டரில் போகும். டாட்ஜ் ஆஸ்பத்திரி ஓட்டத்துக்கு மட்டும். அதற்கும் வாரத்துக்கு முப்பது லிட்டர்தான். பீர்மேடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால் முப்பது கிலோமீட்டர். வாரத்துக்கு இரண்டு நடை என்று ஆயிற்று.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பாக்டரி அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்த நல்லதம்பியின் காலில் கோடாலி இறங்கிவிட்டது. அந்த வாரத்து இரண்டு நடையும் முடிந்திருந்தன. பெட்ரோல் பீப்பாயின் சாவி ஆபீஸில் இருந்தது; மேனேஜர் அன்று வெளியூர் போயிருந்தார். கடிதத்தை மீற எனக்கு அதிகாரம் கிடையாது என்று கிளார்க் சொன்னார். கம்பளியை மூங்கிலில் கட்டி, எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஏலப்பாறைக்கு நடந்தார்கள். அங்கிருந்து பஸ். பத்து நாள் கழித்து கோட்டயத்தில் நல்லதம்பியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அந்த வியாழக்கிழமை நல்லதம்பியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஷெட்டைக் கடந்து போனபோது பெரியமுத்து வண்டியின் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

மறுநாள் காலையில் அவர், ஊர் திரும்பிய மேனேஜர் துரையின் முன்னால் போய் நின்றார்.

“வண்டியப் பிரிச்சுப் பாக்கணும்யா. ஒரு வாரம் குடுங்க. குடிக்கிறதக் கொறைக்க முடியுமான்னு பாக்கேன்.”

“பழைய வண்டியல்லே. எந்தா கிடைக்கப் போகுது?” என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார் துரை. ஆனாலும் ஒரு வாரம் கொடுத்தார். அந்த வாரத்து நோயாளிகளுக்குப் பக்கத்து எஸ்டேட் ஜீப்பைக் கேட்டு வாங்கினார்கள்.

பெரியமுத்து ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார். பின்னால் வலது சக்கரம் அரைச் சுற்றிலேயே நின்றது. பிரேக் கட்டை டிரம்மை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் எஞ்சின் தன் பிரேக்கையும் சேர்த்தே இழுத்திருக்கிறது. முன்சக்கரங்களுக்கு விசை கொடுக்கும் லீவர் துருவேறி, போட்ட நிலையிலேயே இறுகியிருந்தது. காய்ந்த தார் ரோட்டில்கூட நான்கு சக்கரமும் இழுத்தது அதனால்தான். இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து அதை அசைத்து எடுத்தார். காற்று வடிகட்டியில் தேயிலைத் தூசி களி மாதிரி அப்பியிருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது. முன்னால் இருந்த, சிக்கிய வண்டியை இழுக்கும் ராணுவக் கப்பியும் அதன் கம்பிச் சுருளும், இரும்புச் சட்டங்கள், எதற்கென்றே தெரியாமல் கிடந்த சங்கிலிகள் எல்லாவற்றையும் கழற்றி ஷெட் மூலையில் குவித்தார். அந்தக் குவியலே ஒரு சின்ன வண்டி அளவுக்கு இருந்தது.

எத்தனை ஓடுகிறது என்று அளக்க வேண்டுமே, மீட்டர் செத்துப் பல காலம். டிஸ்பென்சரியில் மருத்துவச்சியாக இருந்த சாந்தம்மாளிடம் போய் ஒரு லிட்டர் மருந்து பாட்டில் கேட்டார்.

“எதுக்கு தம்பி?”

“வண்டிக்கு மருந்து குடுக்கணும்க்கா.”

பாட்டிலில் பெட்ரோல் நிரப்பி, பானெட்டுக்குப் பக்கத்தில் கட்டி, ரப்பர்க் குழாயை நேராகக் கார்புரேட்டருக்குக் கொடுத்தார். எஞ்சின் நிற்கும் வரை ஓட்டி, ரோட்டோரக் கல்லை எண்ணினார். ஏற்றத்தில் ஒரு பாட்டில், இறக்கத்தில் ஒரு பாட்டில், சமதளத்தில் ஒரு பாட்டில். சேர்த்துப் பார்த்தால் லிட்டருக்கு மூன்று வந்தது. வாரத்துக்கு மூன்று நடை.

துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொழிலாளர் லயத்து ஜனங்கள் பெரியமுத்துவைப் பார்க்கும்போது சிரித்தார்கள். மாசி முழுக்க மூன்று நடை ஓடியது. ஆனால் நோய் மூன்று பேரோடு நிற்பதில்லை. நாலாவது ஆளாகக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தவர்கள் அடுத்த திங்கட்கிழமை வரை காத்திருந்தார்கள்.

பெரியமுத்துவுக்கு இறக்கத்துப் பாட்டில் நினைவில் நின்றது. எஸ்டேட்டிலிருந்து ஏலப்பாறை வரை ஒரே இறக்கம்தான். சாவியை அணைத்து, கியரை நியூட்ரலில் விட்டால் வண்டி தானாகவே உருளும். பாட்டிலில் ஒரு சொட்டுக் குறையாது. ஒரு நாள் காலி வண்டியில் செய்து பார்த்தார். பிறகு ஆள் ஏற்றியும் செய்தார். அங்கங்கே வரும் சின்ன இறக்கங்களிலும் சாவியை அணைத்தார். பங்குனியில் வாரத்துக்கு நான்கு நடை ஓடியது.

பின்னால் நோயாளியோடு உட்கார்ந்துவரும் சாந்தம்மாளுக்கு அது தெரியாமல் இல்லை. எஸ்டேட் வாசலைத் தாண்டியதும் இரைச்சல் நின்றுவிடும். காற்றும் டயரும் மட்டும் கேட்கும். வலியில் முனகுகிறவர்கள்கூட அந்த நேரத்தில் கொஞ்சம் கண் அயர்வார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. எப்படி என்று அவள் கேட்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, எட்டு மாத கர்ப்பிணியான முத்துப்பேச்சியை ஏற்றினார்கள். கால் இரண்டும் வீங்கி, தலைவலியில் கண்ணைத் திறக்க முடியாமல் இருந்தாள். வாசலைத் தாண்டியதும் பெரியமுத்து சாவியை அணைத்தார். மூன்றாவது வளைவில் பிரேக் மிதி சற்று ஆழமாக இறங்கியது. நாலாவதில் இன்னும் இறங்கியது. எரிந்த ரப்பர் மாதிரி ஒரு வாடை வந்தது. ஐந்தாவது வளைவுக்கு முன்னால் மிதி தரையைத் தொட்டது, பிரேக் பிடிக்கவில்லை.

சாவியைத் திருப்பி, கியரைத் தள்ளிப் பார்த்தார். பற்கள் அலறின, கியர் விழவில்லை. கைப்பிரேக்கை இழுத்தார். புகை வந்ததே தவிர வேகம் குறையவில்லை. இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் மேட்டில் பழைய தேயிலைச் செடிகள், ஒவ்வொன்றும் தொடை கனத் தூர். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். செடிகளை நசுக்கிக்கொண்டு ஏறி, பாதி சாய்ந்தபடி வண்டி நின்றது.

முதலில் சாந்தம்மாளின் குரல்தான் கேட்டது. “முத்துப்பேச்சிக்கு ஒண்ணுமில்ல. எங்கிட்டயே இருக்கா.”

முத்துப்பேச்சியை விடாமல் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்ததால், சாந்தம்மாள் தோளால் பக்கத்துத் தகட்டில் மோதியிருந்தாள். காறை எலும்பு முறிந்திருந்தது. மரம் ஏற்றிவந்த ஒரு லாரி இருவரையும் பீர்மேட்டுக்குக் கொண்டுபோனது. மூன்றாம் நாள் முத்துப்பேச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன.

விசாரணை ஆபீஸ் அறையில் நடந்தது. துரை ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

“பிரேக் போயி. பழைய வண்டி. உங்க பேர்ல ஒண்ணும் எழுதப் போறதில்ல, பெரியமுத்து. வண்டியை உதவாதுன்னு கண்டம் செய்து வித்துரலாம். கையெழுத்துப் போடுங்க.”

பெரியமுத்து காகிதத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டால் வேலை தங்கும், வண்டி போய்விடும். வண்டி போனால் வாரத்துக்கு ஒரு நடைகூடக் கிடையாது. புது வண்டி வாங்கித் தருவதாகக் கொச்சியில் யாரும் சொல்லவில்லை. மூலையில், கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சாந்தம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“பிரேக்குல குத்தமில்லய்யா,” என்றார். “நான்தான் எறக்கத்துல எஞ்சின அணைச்சு விட்டேன். கியர்ல இருந்தா எஞ்சினே பாதி பிடிக்கும். அத்தன பாரமும் பிரேக்கு மேல ஏறிருச்சு. சூடேறி விட்டுருச்சு. இப்ப போய் மிதிச்சுப் பாருங்க, நிக்கும்.”

“எதுக்கு அப்படிச் செய்தீங்க?”

“மூணு நட போதலய்யா.”

துரை காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “சாந்தம்மாளுக்குத் தெரியுமோ?”

“தெரியும்யா,” என்றாள் சாந்தம்மாள், பெரியமுத்து பதில் சொல்வதற்குள். “சத்தமில்லாமப் போனா எஞ்சின் ஓடலன்னு தெரியாதா? நல்லாத்தான இருக்குன்னு சும்மா இருந்துட்டேன்.”

மெக்கானிக் வந்து பார்த்தார். பிரேக் ஆறியபின் சரியாகவே பிடித்தது. வண்டியை விற்கவில்லை. பெரியமுத்துவை டிரைவர் வேலையிலிருந்து எடுத்து, பாக்டரியில் இலை வாட்டும் மாடிக்கு அனுப்பினார்கள். வண்டிப்பெரியாறிலிருந்து சூசையப்பன் என்பவர் டிரைவராக வந்தார். முப்பது லிட்டரைக் கூட்டித்தரும்படி யூனியன்காரர்கள் கேட்டுப் பார்த்தார்கள். கொச்சியில் அசையவில்லை.

பெரியமுத்து மாடியில் தேயிலையைப் பரப்பினார். சூசையப்பன் இரண்டொரு முறை வந்து சந்தேகம் கேட்டபோது பதில் சொன்னார். தானாகப் போய் வண்டியைப் பார்க்கவில்லை. வெளியே லாரி ஓட்டப் போகலாமே என்று மனைவி குருவம்மாள் கேட்டபோது, “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்றார். வளைவில் மிதி தரையைத் தொட்டது அவர் வலது காலில் இன்னும் இருந்தது.

ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை மதியம் சாந்தம்மாள் மாடிப்படி ஏறி வந்தாள். ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டு நின்றாள்.

“சூசையப்பன் மூணு நட தாங்காதுங்காரு தம்பி. ரெண்டுதான் உறுதிங்காரு. நீ ஏதாச்சும் செய்ய முடியுமா?”

“மழைக்குப் பின்சக்கரம் மட்டும் இழுத்தா சறுக்கும்க்கா. நாலையும் போட்டுத்தான் ஏறணும். லிட்டருக்கு ரெண்டரை வந்தாலே பெருசு. அவரு சரியாத்தான் ஓட்டுதாரு.”

“வேற வழியே இல்லையா?”

எந்த வழியை அவள் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அவளும் அதைக் கேட்டுவிட்டு முகத்தை மழைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இல்லக்கா,” என்றார்.

“ரெண்டு பேரு கெடக்காக. ஒரு நடதான் மிச்சம்.”

“ரெண்டு பேரையும் ஒண்ணா ஏத்துனா?”

“ஒருத்திக்கு அம்ம போட்டிருக்கு. சேத்து ஏத்தக் கூடாது.”

பிறகு சாந்தம்மாள் படியிறங்கிப் போனாள். சிறிது நேரத்தில் டாட்ஜ் கிளம்பி, முதல் கியரில் உறுமிக்கொண்டு, எஞ்சின் ஓடியபடியே இறக்கத்தில் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் யாரை ஏற்றினாள் என்று அன்றும் பிறகும் பெரியமுத்து கேட்கவில்லை.