பட்டியலின் முதல் வரி

வீட்டில் கணினி ஒன்றுதான். அதற்குள் பைத்தான் என்ற நிரல்மொழி மட்டும் இரண்டு பதிப்பு. மனைவிக்குப் பழைய பதிப்பு வேண்டும். அவள் பராமரிக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்து நிரல் பதினைந்து வருடத்துக்கு முன் எழுதப்பட்டது. புதியதில் போட்டால் முதல் வரியிலேயே படுத்துவிடும். எனக்கோ புதியது இல்லாமல் வேலை ஓடாது. கணினி ஒரு பட்டியலை மேலிருந்து படித்து, முதலில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே உட்காருகிறவர் தன் வரியை மேலே ஏற்றிக்கொள்வது என்று எங்களுக்குள் பழக்கமாகியிருந்தது.

அன்று காலை எட்டரைக்குக் கூடத்தின் பொறுப்பாளர் அழைத்தார். புதுக் கருவி வைத்ததிலிருந்து அறிக்கையில் தசமப் புள்ளி விழவில்லையாம். ஐந்து புள்ளி ஐந்து என்பது ஐம்பத்தைந்தாக அச்சாகிறதாம். பன்னிரண்டு மணிக்கு மருத்துவர் வந்துவிடுவார், அதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

திருத்தம் சின்னது. ஒன்பதரைக்குள் எழுதிவிட்டாள். ஓட்டிப் பார்த்தால் புதிய பதிப்பு வந்து பிழை சொன்னது. தன் வரியை மேலே ஏற்றினாள். எதில் கைவைத்தாலும் கணினியை ஒருமுறை அணைத்துப் போடுவது அவள் வழக்கம். போட்டாள். மறுபடியும் புதியதே வந்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைத்தாள். அந்த இயந்திரம் எழுந்து நிற்கவே பத்து நிமிடம் ஆகும்.

நான் சன்னலோரம் புத்தகத்தோடு இருந்தேன். மூன்றாவது முறையும் புதியதே வந்து அவள் மேசையில் குத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. தினமும் வரி மாற்றிச் சலித்துப்போய், கணினி எழும்போதெல்லாம் என் பதிப்பு தானாகவே மேலே ஏறும்படி ஞாயிறன்று ஒரு சின்ன நிரல் எழுதிவைத்திருந்தேன். எழுதியதோடு மறந்தும் போனேன். அவள் அணைக்காமல் இருந்திருந்தால் எப்போதோ ஓடியிருக்கும்.

சொல்லியிருக்கலாம். படிக்காத பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்துபோனால் சத்தமில்லாமல் அழித்துவிடலாம் என்று நப்பாசை. அவள் தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை.

கடைசியில் என் பக்கம் திரும்பினாள். "நான்தான் ஏதோ தப்பு பண்றேன் போல. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"தப்பு உன்மேல இல்ல," என்றேன். "நான் ஒண்ணு எழுதி வச்சிருக்கேன்."

எங்கே என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். நிதானமாகப் படித்தாள். மணி பதினொன்று ஐந்து.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"மூணாவது தடவையிலிருந்து."

"இது அஞ்சாவது."

அழிக்கக் கை நீட்டினேன், தடுத்துவிட்டாள். பழைய பதிப்பு இருக்கும் இடத்தின் முழு முகவரியையும் தன் நிரலை ஓட்டும் கட்டளையிலேயே எழுதினாள். பட்டியலைப் பார்க்கவே தேவையில்லை. இவ்வளவு நாள் இருவருக்குமே இது தோன்றவில்லை.

"நீங்களே மேல இருங்க. இனிமே எனக்கு அந்தப் பக்கமே வேலையில்ல."

புள்ளிகள் அதனதன் இடத்தில் விழுந்தன. ஒவ்வொரு அறிக்கையாக ஓட்டிச் சரிபார்த்து, பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அனுப்பினாள். உடனே பொறுப்பாளர் அழைத்தார். சின்னத் திருத்தத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டிருக்க வேண்டும். நான் புத்தகத்தை மூடிவைத்தேன்.

"மெஷின் ரொம்பப் பழசு சார்," என்றாள், என்னைப் பார்க்காமல்.