உப்பு உறைக்காத செடி

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. பொத்தேரி டீக்கடையில் பக்கத்து மேசைப் பெண், "சொரணையே இல்லாம உப்பைக் குடிச்சுக் குடிச்சே செத்துப்போச்சுடி" என்றாள். ஏதோ குடும்பத் தகராறு என்று நாற்காலியை நெருக்கிப் போட்டேன். கடுகுச் செடியாம். எழுந்து போயிருக்கலாம், டீ மிச்சமிருந்தது.

2

மாமல்லபுரத்து அலைகள் வெள்ளி நுரையை வாரி— (வேண்டாம். அலையை யார் கேட்டது?)

மறுபடி. அந்தப் பெண் ஹரிப்ரியா, ஆராய்ச்சி மாணவி. மாமல்லபுரத்திலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவந்து, நல்ல தண்ணீர் கலந்து செடிகளுக்கு ஊற்றுவாள். செடியின் செல் சவ்வில் ஸ்பிங்கோலிப்பிடு என்றொரு கொழுப்பு இருக்கிறது. [பெயருக்குப் பயப்படாதீர்கள். வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.] அதில் ஒரு வகை, உப்பு வந்து ஒட்டியதும் கால்சியத்தை உள்ளே விட்டு ஊரைக் கூட்டும், செடி உப்பை வெளியே தள்ளத் தொடங்கும். அந்தக் கொழுப்பு உண்டாகாதபடி ஹரிப்ரியா மரபணுவை முடக்கிய செடிகளுக்கு உப்பு உறைக்கவேயில்லை. குடித்தன, வெளுத்தன, செத்தன.

[கொசுறு: இதே குடும்பத்தில் செராமைடு என்று ஒன்று. அது மிஞ்சிப்போனால் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். அந்தச் சோகக்கதை நம் கடையில் இல்லை.]

3

கட்டுரை தயாரானது. வழிகாட்டி பரணிதரன் எழுதியவர் பட்டியலில் முதல் பெயராக இன்னொரு மாணவன் விஷாலைப் போட்டார். அவன் அந்தச் செடிகளுக்கு ஒருநாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. [பரணிதரன் வில்லனாகட்டும் என்று மீசை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.] முதல் பெயர் இல்லாமல் ஹரிப்ரியாவுக்குப் பட்டம் கிடையாது.

"நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிம்மா. அடுத்ததுல பாத்துக்கலாம்."

"சரி சார்" என்றாள் நம் கதாநாயகி. இவளை வைத்துக்கொண்டு நான் என்ன—

டீக்கடையில் அவள் தோழி ஜெஸ்ஸி, சதுரங்கப்பட்டினத்துக்காரி, கேட்டாள்:

"இன்னாடி சரி சார்? நீ சோத்துல உப்பு போட்டுத்தான துன்ற?"

"கத்தாதடி. சார் காதுல வுழுந்தா பேஜாரு."

"வுழட்டுமே! செடிக்கு சொரணைய நீ எடுத்த. உனக்கு எவன் எடுத்தான்?"

ஹரிப்ரியா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள். நான் கேட்டது அவ்வளவுதான், இனி இட்டுக்கட்டல்.

4

(அ) அவள் மேசையை ஓங்கித் தட்டி— [அவளா? நீங்களே நம்பமாட்டீர்கள்.]

(ஆ) விஷால் மனம் திருந்தி— [விஷாலை நீங்கள் பார்த்ததில்லை.]

(இ) அவள் பரணிதரனின் அறைக்கதவைத் தட்டினாள். இதற்குக் கீழே என்னால் இறங்கிவர முடியாது.

உள்ளேயிருந்து குரல்: "யாரு, விஷாலா?"

அவள் வாயைத் திறக்கிறாள். பதிலை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக, சாருக்குக் காது மந்தம்.