கப்டனின் முகப்பரு

எங்கள் பூனைக்குக் கப்டன் என்று பெயர் வைத்தவள் என் மனைவி றோஸ். துறைமுகத்து இழுவைப் படகில் முப்பது வருடம் என்ஜின் பார்த்த மேர்வின் நான். அங்கே எந்தக் கப்டனும் என்னை மதித்ததில்லை; வீட்டுக் கப்டனும் அப்படித்தான். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு லண்டன் போகும்போது றோஸ் எனக்கு இரண்டு கட்டளை போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வேண்டும், கப்டனைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பூசை பரவாயில்லை.

அவள் போய்ச் சில வாரங்களில் கப்டனின் நாடியில், வாய்க்குக் கீழே வெள்ளை மயிர் இருக்கிற இடத்தில், மிளகுத்தூள் சிந்தியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஊத்தை என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. எங்கள் ஆட்களுக்குத் தலையிடிக்கும் தேங்காயெண்ணெய்தான், தோல் வெடிப்புக்கும் தேங்காயெண்ணெய்தான். நானும் அதில் மஞ்சளைக் குழைத்துக் காலையும் மாலையும் அன்போடு பூசினேன். புள்ளிகள் பருக்களாகின. அதில் ஒன்று சிவந்து வீங்கியது.

வீடியோவில் பார்த்த றோஸ், "என்னப்பா செய்தனீங்கள் என்ர பிள்ளைக்கு?" என்று அழத் தொடங்கினாள். முப்பது வருடத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. வந்த கோபத்தோடு கப்டனைக் கூடையில் போட்டுக்கொண்டு ஓட்டோ பிடித்தேன்.

மிருக வைத்தியர் குலசிங்கம் ஈரப் பஞ்சால் நாடியைத் துடைத்துப் பஞ்சை வெளிச்சத்தில் பிடித்தார்.

"தெள்ளுப்பூச்சியின்ர கழிவெண்டால் ஈரத்தில சிவப்பாய்க் கரையும். இது அதில்ல. முகப்பரு."

"பூனைக்கோ?"

"ஓம். மயிர்க்காலில எண்ணெய் அடைச்சு வாறது. ஒருத்தருக்கும் தொத்தாது. நீங்கள் என்ன பூசினனீங்கள்?"

சொன்னேன். மனிசன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

"அடைச்ச இடத்தில இன்னும் எண்ணெயை விட்டிருக்கிறீங்கள். இனி இளஞ்சூட்டுத் தண்ணியில துணியை நனைச்சு, காலையும் பின்னேரமும் ஒத்திப் பிடியுங்கோ. பிறகு இந்த மருந்தால மெல்லத் துடையுங்கோ. பருவை நசுக்கக் கூடாது. பிளாஸ்டிக் பாத்திரத்திலயோ சாப்பாடு வைக்கிறீங்கள்?"

"இல்லை டொக்டர். பீங்கான் கோப்பை."

"வேற எங்கயும் சாப்பிடுறவரோ? பிளாஸ்டிக்கில கீறல் விழுந்தால் கிருமி அதுக்குள்ள தங்கிவிடும். சாப்பிடேக்க நாடி அதிலதானே உரசும். அதை நிப்பாட்டாட்டில் மருந்து போட்டும் பிரியோசனமில்ல. சீழ் பிடிச்சு வெட்ட வேண்டி வரும்."

வேறு எங்கே? மதிலுக்கு அந்தப் பக்கம்தான், பாயிஸ் வீட்டில். பாயிஸ் என் கூட்டாளி. நோன்புக் கஞ்சி இந்தப் பக்கம் வரும், கிறிஸ்மஸ் கேக் அந்தப் பக்கம் போகும். அவன் மாரடைப்பில் போனது றோஸ் புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான். அவன் மனைவி பரீதா இப்போது இத்தா இருக்கிறார். கணவனை இழந்தவர்கள் அந்த மாதங்களில் வீட்டைவிட்டு வெளிக்கிடமாட்டார்கள், பிற ஆண்களுக்கு முன்னால் வரமாட்டார்கள். றோஸ் இருந்தால் குசினி வழியாக உள்ளே போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்திருப்பாள். நான் எப்படிப் போவது?

பாயிஸின் மகள் பஸ்மியா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். அவள் வேலை முடிந்து வரும்போது வாசல் படலையடியில் மறித்தேன். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

"பிள்ளை, உங்கட வீட்டில கப்டனுக்கு எதில சாப்பாடு வைக்கிறது?"

"ஐஸ்கிறீம் வந்த பிளாஸ்டிக் பெட்டியில அங்கிள். உம்மா பொரிச்ச சூடை மீன் வைக்கிறவ. ஏன்?"

"அதாலதான் இவனுக்கு இந்த வருத்தம். இனி ஒண்டும் வைக்க வேண்டாமெண்டு உம்மாட்டச் சொல்லுங்கோ."

அவள் முகம் வாடியது. படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். நான் கப்டனை வீட்டுக்குள் பூட்டினேன்.

முதலில் அவன் என் கையைப் பிறாண்டி இரத்தம் எடுத்தான். பிறகு இளஞ்சூட்டுத் துணியின் சுகம் பிடித்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு நாடியைத் தானே நீட்டுவான். வீக்கம் வற்றியது. றோஸுக்குப் படம் எடுத்து அனுப்பி, நானும் ஒரு வைத்தியன் என்று பெருமையடித்தேன். ஆனால் மத்தியானங்களில் மதிலுக்கு அப்பால், "கப்டன்... கப்டன்..." என்று மெல்லிய குரல் கேட்கும். இவன் யன்னல் கம்பியில் ஏறிக் கத்துவான். பிறகு ஒரு நாள் அந்தக் குரலும் நின்றுவிட்டது.

அடுத்த நாள் பஸ்மியா வந்தாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"அங்கிள், உம்மா சாப்பிடுறா இல்ல."

"ஏன், சுகமில்லையோ?"

"வாப்பாவும் அவவும் கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து ஒரே சகன்லதான் சாப்பிட்டவங்க." ஆட்கள் சுற்றியிருந்து சேர்ந்து உண்ணும் பெரிய தட்டைத்தான் சகன் என்பார்கள். "வாப்பா மௌத்தான பிறகு அந்தத் தட்டில தனியக் கை வைக்க அவவுக்கு ஏலாது. பகல்ல நான் வேலைக்குப் போயிருவன். கப்டன் வந்தால் அவனுக்கு ஒரு பிடி வைச்சு, அந்தச் சாட்டில தானும் ரெண்டு வாய் சாப்பிடுவா. இப்ப, தன்ர கையாலதான் வாயில்லாச் சீவனுக்கு வருத்தம் வந்ததெண்டு அழுறா. இரவில நான் ஊட்டினாலும் ஒரு வாய்க்கு மேல இறங்குதில்ல. நேத்து மயங்கி விழப் பாத்தா."

பூனையின் நாடியைக் காப்பாற்றப் போய்ப் பாயிஸின் மனிசியைப் பட்டினி போட்டிருக்கிறேன். பஸ்மியாவிடம், "நீங்கள் போங்கோ பிள்ளை, நான் பாக்கிறன்" என்றேன். எதைப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது. மன்னிப்பை இன்னொருவர் வாயால் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. நேரில் போய்ச் சொல்லவும் வழியில்லை.

கண்ணாடி அலுமாரியைத் திறந்து றோஸ் ஒருவருக்கும் தராத தங்கக்கரைப் பீங்கானில் ஒரு தட்டை எடுத்தேன். அவள் அறிந்தால் நான் லண்டனுக்குப் போய்த்தான் காலில் விழ வேண்டும். தட்டை மதிலின் மேல் வைத்து, கப்டனைத் தூக்கிப் பக்கத்தில் இருத்தினேன். அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டு தொண்டையைத் திறந்தேன்.

"கப்டன்! நான் உன்னோடதான் கதைக்கிறன், வேற ஒருத்தரோடயும் இல்ல. உன்ர நாடியைக் கெடுத்த முதல் ஆள் நான். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசினது நான். டொக்டர் சொன்னதைப் படலையில நிண்டு கத்தினதும் நான்தான். அது என்ர பிழை. அந்தப் பெட்டிதான் கூடாது, சாப்பாடு தந்த கை நல்ல கை. கேக்குதோ?"

கப்டன் காலை நக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

"இனி இந்தத் தட்டிலதான் சாப்பிட வேணும். பொரிச்சது வேண்டாம், அவிச்ச மீன் காணும். முடிஞ்ச உடன நாடியைத் துடைச்சுவிடச் சொல்லு. தட்டை ஒவ்வொரு நாளும் சுடுதண்ணியில கழுவச் சொல்லு. இன்னொண்டு. நீ தனியச் சாப்பிடக் கூடாது. பக்கத்தில ஆள் சாப்பிட்டால்தான் நீயும் வாய் வைக்க வேணும். இல்லாட்டில் பாயிஸ் என்னோட கோவிப்பான்."

தெருவில் போன மீன்காரன் சைக்கிளை நிறுத்தி என்னைப் பார்த்தான். மேர்வினுக்கு மூளை தட்டிவிட்டது என்று அன்றே ஊரெல்லாம் சொல்லியிருப்பான். கப்டன் அந்தப் பக்கம் குதித்தான். ஒரு கை தட்டை எடுத்த சத்தம் கேட்டது.

நான் வாசற்படியில் குந்திக் காத்திருந்தேன். மூதூர்ப் பக்கமிருந்து ஒரு படகு எதிரேயுள்ள துறைக்கு வந்து சேர்ந்தது. வெயில் காலடிக்கு வந்தது. தேத்தண்ணி ஆறிப் போனது. வேலையில்லாத மனிசன்தானே, இருந்தேன்.

கடைசியில் மதிலுக்கு அப்பால் அந்தக் குரல் கேட்டது. பலவீனமாக இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது.

"கப்டன், நாடியைக் காட்டு மனே, துடைப்பம்... ஆ, சரி. இனிப் போ. போய் உங்கட அப்பாட்டச் சொல்லு. நீ சாப்பிட்டு முடிச்சிட்டாய். நானும் சாப்பிட்டன் எண்டு சொல்லு."

கப்டன் மதிலில் ஏறி வந்தான். நாடி ஈரமாக இருந்தது. "கேட்டதெண்டு சொல்லு" என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டதால் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.