ஒன்று கூடிப்போன விடை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை சுவர் வழியாக வந்தது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. காதைச் சுவரில் சாய்த்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வரியாக ‘பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அங்கிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் அழுகிறவள் இல்லை. கோபம் வந்தால் பாத்திரம் உருட்டுகிறவள். அன்றைக்கு உருட்டலும் இல்லை. அதனால்தான் காதைச் சுவரைவிட்டு எடுக்கவில்லை.

2
மாலைநேரக் கல்லூரியில் அவளும் நாத்தனாரும் ஒரே வகுப்பு. கணிதத் தாள் எழுத அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. விட்டால் பட்டயம் கிடையாது. தேர்வு முடிந்து வந்து விடைகளை ஒப்பிட்டார்கள். (நாத்தனாரை வில்லியாக்கலாமா என்று யோசித்தேன். அந்த வேலையை அவளே பார்த்துக்கொண்டாள்.)

x/(x+1)-இன் தொகையீடு என்ன என்பது கேள்வி. நாத்தனார் வகுத்துப் போட்டு x − log|x+1| என்றாள். அண்ணியான மெக்கானிக்கின் விடையில் ஒரு 1 கூடுதல்: x + 1 − log|x+1|.

“அந்த ஒண்ணு எங்கிருந்து வந்துச்சு அண்ணி?”

“x+1-ஐ u-ன்னு வச்சுப் போட்டேன்…”

“வச்சதை எடுக்க மறந்துட்டீங்க போல.”

“அஞ்சு மார்க். அது இருந்தாத்தான் பாஸே,” என்றாள் மெக்கானிக். அவள் கண்கள் கலங்கி… (இல்லை, சுவர் வழியாகக் கண் தெரியாது.)

3
ஆகவே ஸ்க்ரூடிரைவர் கேட்டுப் போனேன். என் வீட்டில் மூன்று இருக்கின்றன.

பழுது பார்த்த லிஃப்டை மேலே ஏற்றிப் பார்த்ததோடு விடமாட்டாள் அவள். கிளம்பின இடத்துக்கே இறக்கியும் பார்ப்பாள். விடைகளையும் அப்படித்தான் இறக்கினாள்: வகையிட்டாள். நாத்தனாருடையது கேள்வியில் போய் நின்றது. இவளுடையதில் அந்த 1 பூஜ்யமாகி, அதுவும் அதே கேள்வியில் போய் நின்றது!

“ஏய், சில கட்டடத்துல தரைத்தளத்துக்கு பூஜ்யம்னு பட்டன், சிலதுல ஒண்ணு. அதனால லிஃப்ட் ஏறுற தூரம் மாறுமாடி? தாள்ல கடைசியில ‘பிளஸ் C’ போட்டேனே, எந்த எண்ணா வேணா இருக்கலாம்னு? என் ஒண்ணு அதுல அடங்கிடும்!”

“C-யா?” என்றாள் நாத்தனார்.

4
கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று முடிக்கலாம். அந்த வீட்டில் அது நடக்காது.

“நீ C போடலியாம்மா?” என்று மெக்கானிக் எவ்வளவு அன்பாகக் கேட்டாள் தெரியுமா! அப்புறம் அடுப்படிக்குப் போய் அண்டாவையே உருட்டினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவளுடைய ஐந்து மார்க்கில் நான் யாரையும் கைவைக்க விடமாட்டேன். நாத்தனாரின் தாள் உங்கள் முன்னால். சிவப்புப் பேனா உங்கள் கையில். C இல்லாததற்கு ஒரு மார்க் குறைப்பீர்களோ, போனால் போகிறதென்று விடுவீர்களோ, சீக்கிரம் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நான் மறுபடி போகவேண்டும்.