சாலைக்கு அந்தப் பக்கம் சுடுகாடு

ஒரு கையில் கொள்ளிச்சட்டி தொங்க, மறு கையை உயர்த்திக்கொண்டு முகேஷ்குமார் சாலையில் இறங்கினான். பின்னால் பாடையில் அவன் அப்பா சோலைமுத்து. வடமதுரைக்குப் பக்கத்திலிருக்கும் அந்த ஊரை நாலுவழிச்சாலை இரண்டாகப் பிளந்துபோட்டிருந்தது. வீடுகள் இந்தப் பக்கம், சுடுகாடு அந்தப் பக்கம்.

கார்கள் நின்றன. அவசரத்துக்குப் பிறந்த திருச்சி பஸ்கூட நின்றது. சிமெண்ட் ஏற்றிய டிரெய்லர் மட்டும் நிற்கவில்லை.

"பின்னாடி வாங்கப்பா!" அம்மாவின் தம்பி நல்லுசாமி அலறினார். பாடையோடு நாலு பேரும் தடுமாறிப் பின்வாங்கினார்கள். ஹாரனும் புகையுமாக வந்த வண்டி, நடுத்தடுப்பில் குறுக்கே கடக்க விட்டிருந்த ஒரே வழியை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது.

டிரைவர் இறங்கி ஓடிவந்தான். "மன்னிச்சிருங்கண்ணே. லோடு அப்படி, மிதிச்சாலும் நிக்க மாட்டேங்குது. பிரேக்கு புடிச்சுக்கிச்சு, இனி நகராதுண்ணே."

நல்லுசாமி அவன் சட்டையைப் பிடித்தார். முகேஷ்குமார் மாமாவின் கையை விலக்கிவிட்டான். அவனும் டிரெய்லர் ஓட்டுகிறவன்தான். லாரிகளில் இன்னும் கூடுதலாக ஏற்ற விடலாமா என்று கிராமசபையில் பேச்சு வந்தபோது, கூடாது என்று தீர்மானம் போடச் சொன்னவர் அப்பா. "இப்பவே ஆடுமாடப் பத்திக்கிட்டுத் தாண்ட முடியலயே," என்றார். "லோடு கூட்டுனா ரோட்டுல ஓடுற வண்டி கொறையும். ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஊர் முன்னால் அவர் வாயை அடைத்தான் மகன். அதற்குப் பிறகு அவர் அவனோடு பேசவில்லை. பேசாமலே போய்ச் சேர்ந்தார். பெற்ற அப்பனை அப்படிக் கேட்டோமே என்று இப்போது உடம்பெல்லாம் கூசியது.

"இருட்டப் போகுது மாமா. ஊருக்கு அந்தக் கோடியில ரோட்டுக்கு அடியில போற பாலத்தடி வழியாப் போயிருவோம்."

"அதுக்கு நம்ம வீட்டு வழியாத்தான மாப்ளே திரும்பணும்? எடுத்த பொணத்தத் திருப்புறதா? குடும்பத்துக்கு ஆகுமா?"

"திருப்புங்க மாமா."

கொட்டு அடிக்கவில்லை. பாடை வந்த வழியே திரும்பியது.

அம்மா முத்துப்பேச்சி வீட்டைக் கழுவிவிட்டு, தலைமுழுகிய ஈரத்தோடு வாசலில் நின்றிருந்தாள். பாடை வருவதைப் பார்த்தாள். அழவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அவர் உள்ளே வர வழிவிடுவதுபோல் வாசலை விட்டு ஒதுங்கி நின்றாள்.